எண்ணூறு முழங்கால்கள்

"படுங்க."

"இல்ல மேடம், நான் என்ன சொல்ல வந்தேன்னா…"

"சொல்றதைப் படுத்துக்கிட்டே சொல்லலாம். எந்தக் கால்ல வலி?"

"வலியா? ரெண்டு காலும் நல்லாத்தான்…"

"எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்வாங்க. படுங்க!"

படுத்துவிட்டான், பாவம்.

அவள் மேல் தப்பே இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன். காலையிலிருந்து விடாத மழை. மருத்துவமனை வாசலில் முழங்காலளவு தண்ணீர். பத்து மணிக்கு முழங்கால் வலிக்காரர் ஒருவர் புதிதாக வருவார் என்று அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்… சரியாகப் பத்து மணிக்கு, நாலாவது மாடி உடற்பயிற்சிக் கூடத்து வாசலில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டபடி ஓர் ஆள் வந்து நின்றால் வேறு என்னதான் நினைப்பாள்?

அவள் பிசியோதெரபிஸ்ட். நோயாளிகளுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாமல் 'முட்டி மேடம்' ஆகிவிட்டாள். பேச்சு கொஞ்சம் அதிகாரமாக இருக்கும். கண்கள் மட்டும் அதற்கு நேர்மாறு… பெரிய, ஈரமான, எதைப் பார்த்தாலும் ஆச்சரியப்படுகிற கண்கள். விரிப்பில் மல்லாந்து கிடந்த அவன் முதலில் பார்த்தது அந்தக் கண்களைத்தான். அதன் பிறகு சொல்ல வந்தது என்னவென்று அவனுக்கே மறந்துபோனது.

"காலைத் தூக்குங்க. மடக்கக் கூடாது. ஒண்ணு… ரெண்டு… இறக்காதீங்க! அஞ்சு எண்ணற வரைக்கும் அப்படியே… ம்ம், பரவாயில்லையே."

பதினைந்து முறை தூக்கினான். அவள் முட்டியை அழுத்திப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள், காதை வைத்துக்கூடக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை.

"இவ்வளவு நல்ல முட்டியை வெச்சுக்கிட்டு எதுக்கு சார் இங்க வந்தீங்க?"

அவன் பதில் சொல்ல வாயெடுத்தபோது, வாசலில் கைத்தடி ஊன்றியபடி ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். "பத்து மணிக்கு வரச் சொன்னீங்களேம்மா… மழையில லேட் ஆயிடுச்சு. முட்டி வலிக்கு இங்கதானே?"

அவள் பெரியவரைப் பார்த்தாள். விரிப்பில் காலைத் தூக்கியபடியே கிடந்தவனைப் பார்த்தாள்.

"அப்போ… நீங்க யாரு?"

"புள்ளியியல்காரன்" என்றான் அவன், காலை இறக்காமலே. "உங்க ஆய்வுக்கு எத்தனை பேர் வேணும்னு கணக்குப் போட்டுத் தரச் சொல்லிப் பெரிய டாக்டர் அனுப்பினாரு. இறக்கலாமா?"

"ஐயையோ… இறக்குங்க சார், இறக்குங்க! மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க சொல்ல விட்டாத்தானே…"

கோபம் வரவேண்டிய இடத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பெரியவருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும், சேர்ந்து சிரித்து வைத்தார்.

* * *

அவன் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். மருத்துவமனையில் ஏதாவது ஆய்வு நடந்தால் மட்டும் கூப்பிடுவார்கள். அதுவும் புதன்கிழமைகளில் மட்டும். ஆய்வு முடிந்தால் அவனுக்கும் அங்கே வேலை முடிந்தது. காவலாளி முதல் கேண்டீன்காரர் வரை அவனுக்கு வைத்திருந்த பெயர் 'புதன் சார்'.

"சரி, புதன் சார்… என் திட்டத்தைக் கேளுங்க" என்று நோட்டை விரித்தாள் அவள். "முட்டி வலிக்கு நாலு விதப் பயிற்சி. தண்ணிக்குள்ள செய்யறது ஒரு குரூப், சைக்கிள் ஒரு குரூப், ரப்பர் பட்டையை இழுக்கறது ஒரு குரூப், சும்மா நடக்கறது ஒரு குரூப். எது நல்லா வேலை செய்யுதுன்னு கண்டுபிடிக்கணும். குரூப்புக்குப் பத்துப் பேர். ரவுண்டா நாப்பது!"

"ஏன் பத்து?"

"பெருக்கறதுக்குச் சுலபமா இருக்கும்."

அவன் நெற்றியைத் தடவிக்கொண்டான். "அது இருக்கட்டும்… குரூப் குரூப்னு ஏன் சொல்றீங்க? குழுன்னு அழகா ஒரு வார்த்தை இருக்கே."

"சார், நீங்க கணக்குப் போட வந்தீங்களா, எனக்குத் தமிழ் வகுப்பு எடுக்க வந்தீங்களா?"

"ரெண்டும்தான்."

"ரொம்பத்தான்!" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டாள். ஆனால் அன்று மாலைக்குள் தண்ணீர்க் குழு, சைக்கிள் குழு, பட்டைக் குழு, நடைக் குழு என்று நோட்டில் நாலு தலைப்பையும் அடித்துத் திருத்தி எழுதிவிட்டாள். இந்தத் திருத்தம் அவளை எங்கே கொண்டுபோய் விடப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்!

"இப்போ ஒரு கேள்வி" என்றான் அவன். "நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. வலி எவ்வளவு குறைஞ்சா, ஆமா இது நிஜமாவே குறைஞ்சிருக்குன்னு நீங்க ஒத்துக்குவீங்க?"

"ஏன், கொஞ்சம் குறைஞ்சாலும் நல்லதுதானே?"

"சின்ன வித்தியாசத்தைப் பிடிக்கணும்னா நிறைய ஆள் வேணும். பெரிய வித்தியாசம்னா கொஞ்சம் பேர் போதும். தூரத்துல வர்றது என்னன்னு பார்க்கறதில்லையா… பஸ் வந்தா உடனே தெரியும். சைக்கிள்னா உத்துப் பார்க்கணும்."

அவள் யோசித்தாள். ஜன்னல் கம்பியில் மழைத்துளிகள் வரிசையாகத் தொங்கின. அவள் கண்கள் அங்கே போய் நின்றன. அவன் கண்கள் எங்கே நின்றன என்று நான் சொல்லத்தான் வேண்டுமா?

"வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க்னு கேட்போம்" என்று மெதுவாக ஆரம்பித்தாள். "ஏழுன்னு சொன்னவங்க ஆறுன்னு சொன்னா, அது ஒண்ணும் பெருசில்ல. முந்தின நாள் நல்லாத் தூங்கியிருப்பாங்க. ஆனா ஒன்றரை குறைஞ்சா… படியேறும்போது கைப்பிடியை விட்டுடுவாங்க சார். அவங்களுக்கே தெரியாது. கை தானா விட்டுடும். நான் பார்த்திருக்கேன். அதுதான் எனக்கு வித்தியாசம்."

அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

இத்தனை வருடத்தில் எத்தனையோ டாக்டர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறான். எல்லோரும் 'ஏதாவது ஒரு நம்பர் போட்டுக்கோங்க' என்று கையை வீசிவிட்டுப் போனார்கள். ஒரு நோயாளியின் கையைப் பார்த்துப் பதில் சொன்னவள் இவள் ஒருத்திதான்… ஒரு மிடறு தண்ணீர் குடித்தான்.

"என்ன சார், தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்ல… ரொம்பச் சரியாச் சொல்லிட்டீங்க."

அவள் விடவில்லை. "எனக்கு ஒரு சந்தேகம். நாலையும் ஒண்ணா வெச்சு எதுக்குக் குழப்பிக்கணும்? ரெண்டு ரெண்டு குழுவாப் பார்த்துட்டுப் போயிடலாமே."

"நாலு குழுவுல எத்தனை ஜோடி வரும்?"

விரல் விட்டு எண்ணினாள். "ஆறு."

"ஒவ்வொரு ஜோடியிலயும், நூத்துக்கு அஞ்சு தடவை, இல்லாத வித்தியாசம் இருக்கற மாதிரி நம்மை ஏமாத்தும். தற்செயல்தான். ஆறு ஜோடியும் பார்த்தா, ஏதாவது ஒண்ணுல ஏமாறதுக்கு நூத்துக்கு இருபத்தாறு வரைக்கும் வாய்ப்பு ஏறிடும். அதனாலதான் முதல்ல நாலையும் ஒண்ணா வெச்சுப் பார்க்கறது."

"ஓஹோ… ஜோடி ஜோடியாப் பார்த்தா ஏமாந்துடுவோம்கறீங்க."

"நிறைய ஜோடி பார்த்தா."

"ஒரே ஒரு ஜோடி மட்டும்னா?"

"அப்போ… அஞ்சுதான்" என்றான் அவன். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. அவள் நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

* * *

அடுத்த இரண்டு புதன்கிழமைகளும் பழைய நோயாளிகளின் அட்டைகளோடு போயின. வலி மார்க் ஆளுக்கு ஆள் எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்று தெரிந்தால்தான் கணக்குப் போட முடியுமாம். அவள் வாசிப்பாள், அவன் குறித்துக்கொள்வான். ஏழு… நாலு… எட்டு… ஆறு… வேறு ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் ஏதோ நிறையப் பேசியது போல இருக்கும் அவளுக்கு, வீட்டுக்குப் போகும்போது.

வீட்டில் அக்கா. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவள். நாள் முழுக்க 'பிரேக்… பிரேக்!' என்று கத்தியதில் குரல் கட்டையாகிவிட்டது, கண் மட்டும் கூர்மை.

"ஏண்டி, நாளைக்குப் புதனா?"

"ஆமா, ஏன்?"

"இல்ல… தலைக்குக் குளிச்சிருக்கியே, அதான் கேட்டேன்."

"போக்கா!"

மூன்றாவது புதன் கிளம்பும்போது அவன் வாசலில் தயங்கி நின்றான். "ஆள் நிறைய வேணும்னு வந்துட்டா… சிரமமா இருக்குமே?"

அவளுக்குச் சுருக்கென்றது. "நீங்க நம்பரைச் சொல்லுங்க சார். ஆளைப் பிடிக்கறது என் பாடு. எத்தனைன்னாலும்!"

சொன்ன வாய்க்குச் சோதனை வந்தது. நாலாவது புதன், அவள் வார்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவன் வந்து, மேசைமேல் ஒரு சீட்டை வைத்துவிட்டுப் போயிருந்தான். குண்டு குண்டான, திருத்தமான எழுத்து.

குழுவுக்கு 200.

அவ்வளவுதான். அவள் மனசுக்குள் நாலால் பெருக்கினாள். கால்குலேட்டரில் ஒருமுறை பெருக்கினாள். எண்ணூறு! நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

அடுத்த புதன் நெறிமுறைக் குழு கூடுகிறது. நோயாளிகளை வைத்து எந்த ஆய்வு செய்வதானாலும் அந்த ஐந்து பேர் சரி என்று சொல்ல வேண்டும். விட்டால் மறு கூட்டம் மூன்று மாதம் கழித்துத்தான். ஆய்வு அதற்குள் தொடங்காவிட்டால் கூடத்தை எலும்பு முறிவுப் பிரிவுக்குக் கொடுத்துவிடப் போவதாகப் பெரிய டாக்டர் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. ஆய்வு இல்லையென்றால் புதன் சாரும் இல்லை.

போனை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள்… வைத்துவிட்டாள்.

"எண்ணூறு முட்டியா!" அக்கா காரின் ஸ்டீயரிங்கில் கையை ஓங்கி அடித்தாள். "ஆளுக்கு ரெண்டு இருக்குல்ல? நானூறு பேர் போதுமே!"

"ரெண்டு காலும் ஒரே ஆளோடதுக்கா. ஒண்ணு வலிச்சா இன்னொண்ணும் சேர்ந்துதான் முனகும். அதை ரெண்டு ஆளாக் கணக்குல எடுக்கக் கூடாதாம்."

"யாரு, புதன் சொன்னாரா?"

"ம்."

"நல்லாத்தான் படிச்சிருக்கே. ஏறு வண்டியில."

ஆறு நாள் அலைந்தார்கள், பயிற்சிப் பள்ளிப் பலகை மாட்டிய அந்தக் காரிலேயே. எட்டு கிளினிக்குகள், இரண்டு நீச்சல் குளங்கள், காலையில் பூங்காவில் நடக்கிறவர்களின் சங்கம் ஒன்று… 'எங்களிடம் வரும் முழங்கால் வலிக்காரர்களை உங்கள் ஆய்வுக்கு அனுப்பி வைக்கிறோம்' என்று பதினோரு கடிதங்கள் சேர்ந்தன. சங்கத்துத் தலைவர் தன் மாமியாரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். எண்ணூறு தேறிவிடும். அவளுடைய முட்டியே வலிக்க ஆரம்பித்திருந்தது.

* * *

நெறிமுறைக் குழுவின் தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி. வெள்ளை முடி, தடித்த கண்ணாடி. கணக்குப் போட்டவர் என்ற முறையில் அவனும் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் உள்ளே வந்ததும் அவன் முகம் மலர்ந்ததை அவள் கவனித்தாள். தைரியமாகப் பேச ஆரம்பித்தாள்.

"மொத்தம் எண்ணூறு பேர் மேடம்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "எண்ணூறா?"

"ஆள் கிடைப்பாங்க மேடம். கடிதமெல்லாம் இருக்கு." பதினோரு கடிதங்களையும் மேசையில் அடுக்கினாள்.

"எத்தனை நாளாகும்?"

"பயிற்சி சொல்லித் தர்றது நான் ஒருத்திதான். வாரத்துக்கு நாலு பேரைத்தான் புதுசாச் சேர்க்க முடியும்… நாலு வருஷம்."

"இதோ பாரும்மா" என்றார் நீதிபதி. "கம்மியா ஆள் எடுத்தா உண்மை தெரியாமலே போகும். அவங்க பட்ட சிரமமெல்லாம் வீண். அதுக்காகத் தேவைக்கு மேல எடுத்தாலும் தப்புதான்… சும்மா இருக்கறவங்களை எதுக்கு அலைய விடணும்? யாரு போட்ட கணக்கு இது?"

அவள் திரும்பி ஓர நாற்காலியைக் கை காட்டினாள். அவன் எழுந்தே நின்றுவிட்டான்.

"நானா? நான் இருநூறுன்னுதானே எழுதி வெச்சேன்!"

"குழுவுக்கு இருநூறு!"

"ஆமா, குழுவுக்கு இருநூறு!"

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

அவள் கோப்பிலிருந்து சீட்டை உருவி நீட்டினாள். அது கை மாறிக் கை மாறி நீதிபதியிடம் போனது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருமுறை படித்தார். திருப்பிப் பார்த்தார். இன்னொருமுறை படித்தார்.

"எந்தக் குழு?" என்றார் மெதுவாக.

"நாலு குழுவும்தான் மேடம். தண்ணீர்க் குழு, சைக்கிள் குழு, பட்டைக் குழு…" என்றாள் அவள்.

"இந்தக் குழு!" என்று எதிரே உட்கார்ந்திருந்த ஐந்து பேரையும் காட்டினான் அவன். "நெறிமுறைக் குழுவுக்கு இருநூறுன்னு சொல்லுங்கன்னு அர்த்தம்…"

அந்த அறையே சிரித்தது. மருந்தியல் பேராசிரியருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "கமிட்டின்னு எழுதித் தொலைச்சிருக்கலாமேப்பா!" என்றார் மேசையைத் தட்டிக்கொண்டு. "குழுன்னு சொல்லுங்கன்னு அவருதான் சார் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு" என்று அவள் பரிதாபமாகச் சொல்ல, சிரிப்பு இன்னும் பெரிதானது. அவள் அவனைப் பார்த்தாள். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது.

"ரெண்டு பேர் படிச்சதும் சரிதான்" என்று தீர்ப்புச் சொன்னார் நீதிபதி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "நாலு மணிக்கு நாங்க எழுந்துடுவோம். அதுக்குள்ள, ஏன் இருநூறுன்னு ஒரு பக்கம் தெளிவா எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாங்க. இல்லேன்னா அடுத்த கூட்டம்தான்."

வெளியே வந்ததும் அவள் வெடித்தாள்.

"ஆறு நாள் சார்! பதினோரு கடிதம்! ஊர்ல இருக்கற நீச்சல் குளத்துலெல்லாம் போய் நின்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, சரி… நீங்களும் சிரிச்சீங்க!"

"நான் உங்களைப் பார்த்துச் சிரிக்கல… சத்தியமா. ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே?"

ஐயோ, அதைச் சொல்லியிருக்கவே கூடாது!

"ஓ… தப்பு என் மேலதானா? நல்லது. அந்தப் பக்கத்தை நானே எழுதிக்கறேன். நீங்க கையெழுத்து மட்டும் போட்டா போதும். ஆய்வு முடிஞ்சா நீங்க யாரோ, நான் யாரோ."

கூடத்துக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

* * *

எழுதினாள். கோபத்தில் எழுதியதாலோ என்னவோ, வேகமாக வந்தது. ஒன்றரை மார்க் குறைந்தால்தான் வித்தியாசம் என்று எழுதினாள். பழைய அட்டைகளில் மார்க் இரண்டுக்குக் கொஞ்சம் மேல் சிதறிக் கிடக்கிறது என்று எழுதினாள். ஏமாறும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து. உண்மையிலேயே வித்தியாசம் இருந்தால் அதை நூற்றுக்கு எண்பது முறையாவது கண்டுபிடித்துவிட வேண்டும். ஒவ்வொரு வரியிலும் அவன் குரல் கேட்டது. சனியன், அதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

கணினியில் எல்லாவற்றையும் கொடுத்துத் தட்டினாள். குழு ஒன்றுக்கு நாற்பத்தைந்து என்று வந்தது. நாலு குழுவுக்கு நூற்றெண்பது. இருநூறு எங்கே? இருபது உதைக்கிறதே!

மணி மூன்றரை. வேறு வழியில்லை. கதவைத் திறந்தாள். ஒரு மணி நேரத்துக்கு முன் விட்ட அதே இடத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

"அந்த இருபது எதுக்கு?" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

"பாதியில விட்டுட்டுப் போறவங்களுக்கு. பத்துல ஒருத்தர் போயிடுவாங்க. இருநூறு பேரைச் சேர்த்தா, கடைசியில நூத்தியெண்பது பேர் நிப்பாங்க. குழு ஒன்றுக்கு அம்பது."

"எல்லாரும் அப்படியா? பாதியில விட்டுட்டுப் போயிடுவாங்களா?"

"எல்லாரும் இல்ல."

"நீங்க?"

அவன் தான் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தான். பிறகு சொன்னான்: "நான் இங்கேயேதானே நிக்கறேன்…"

அவளுக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தேடவும் இல்லை.

"வார்த்தைக்கு வார்த்தை பார்க்கற ஆளு நீங்க. எதுக்கு ஒரே ஒரு வார்த்தையை எழுதி என் உயிரை வாங்கினீங்க?"

"ரெண்டு பக்கம் எழுதினேன்."

"எங்கே?"

"கிழிச்சிட்டேன். முதல் பக்கத்துல கணக்கு முழுக்க இருந்துச்சு, குழு ஒன்றுக்கு அம்பதுன்னுகூடத் தெளிவா. ரெண்டாம் பக்கத்துல… கணக்கு இல்ல. அதைக் கிழிக்கற அவசரத்துல முதல் பக்கமும் சேர்ந்து கிழிஞ்சிடுச்சு. நீங்க வார்டுலேருந்து வர்ற செருப்புச் சத்தம் கேட்டுச்சு. கைக்கு வந்ததை எழுதிட்டு அந்தப் பக்கப் படியில இறங்கி ஓடிட்டேன்."

"ரெண்டாம் பக்கத்துல என்ன இருந்துச்சு?"

"மணி மூணே முக்கால்" என்றான் அவன். "முதல்ல கையெழுத்துப் போடுவோம்."

ஓடினார்கள். நாலாவது மாடியிலிருந்து முதல் மாடிக்கு, லிஃப்டுக்குக் காத்திராமல். நீதிபதி பக்கத்தை வரி வரியாகப் படித்தார். 'படியேறும்போது கைப்பிடியை விடும் அளவு' என்ற இடத்தில் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"இதை நீயா எழுதினே?"

"ஆமா மேடம்."

"இருநூறு போதுமா? உறுதியாத் தெரியுமா?"

"ஆய்வுக்குப் போதும் மேடம்" என்றாள் அவள்.

நீதிபதி மற்ற நால்வரையும் பார்த்தார். நாலு தலைகளும் ஆடின. "அனுமதி குடுத்தாச்சு. அடுத்த வாரமே ஆரம்பிம்மா."

மருந்தியல் பேராசிரியர் கை தட்டினார்.

வெளியே தாழ்வாரத்தில் யாருமில்லை. காலையில் பெய்த மழை நின்று, வெயில் ஈரத் தரையில் பளபளத்துக்கொண்டிருந்தது. அவனுக்கு முகமெல்லாம் சந்தோஷம். அவள் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"என்னங்க… பாஸ் ஆயிடுச்சு! சந்தோஷமா இல்லையா?"

"முதல்ல நீங்க சொல்லுங்க. ரெண்டாம் பக்கம்."

அவன் மூச்சை இழுத்துவிட்டான். வகுப்பில் நூறு பேர் முன்னால் தடுமாறாத நாக்கு தடுமாறியது.

"உங்களைப் பிடிச்சிருக்குன்னு எழுதியிருந்தேன். ரொம்ப நாளா இல்ல… நாலே வாரமா. நாலு வாரத்தை வெச்சு இப்படியொரு முடிவுக்கு வர்றது என் தொழிலுக்கே அவமானம்னும் எழுதியிருந்தேன். ஆனா எனக்குச் சந்தேகமே இல்லைன்னு முடிச்சிருந்தேன்."

அவள் திரும்பவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. அழுகிறாளா, சிரிக்கிறாளா? பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தான். இரண்டும்தான்.

"போன் பண்ணிக் கேட்டிருக்கலாமேன்னு கேட்டீங்கல்ல?" என்றாள். "ரெண்டு தடவை எடுத்தேன். எண்ணூறுன்னு பார்த்ததும் தலை சுத்திச்சு, அது நிஜம். அப்புறம் வாரத்துக்கு நாலுன்னு வகுத்துப் பார்த்தேன். இருநூறு வாரம். இருநூறு புதன்கிழமை நீங்க வந்தே ஆகணும்… அதுக்கப்புறம் எனக்கு அந்த நம்பர் பிடிச்சுப்போச்சு சார். கேட்டா எங்கே குறைச்சுடுவீங்களோன்னுதான் கேட்கவே இல்ல. அலைஞ்சாலும் பரவாயில்லைன்னு அலைஞ்சேன்."

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னிக்கு எல்லாருமாச் சேர்ந்து அதை அம்பது புதனாக் குறைச்சுட்டீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்போதுதான் அவனை நேராகப் பார்த்தாள். அந்தப் பெரிய கண்கள் முழுக்க வெயில். "ஆய்வுக்கு அது போதும்னு கையெழுத்துப் போட்டுட்டேன். எனக்குப் போதாது."

"அப்போ…" என்றான் அவன். "உங்களுக்கு எத்தனை வேணும்?"

"கணக்கெல்லாம் போடாதீங்க" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லா நாளும் வேணும். எனக்கு உங்களை அவ்வளவு பிடிச்சிருக்கு."